வெள்ளத்தன்னைக்கு வண்டி எங்க நின்னுச்சு?

திருநெல்வேலிப் பக்கம் பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் படியேறியதும் கேட்பது, “எத்தனை கிலோமீட்டர் ஓடிருக்கு?” என்பதுதான். 2023 டிசம்பருக்குப் பிறகு அந்தக் கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. “வெள்ளத்தன்னைக்கு வண்டி எங்க நின்னுச்சு?” என்றுதான் பேச்சே தொடங்குகிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை விழுந்த அந்த 17, 18 தேதிகளில், தாமிரபரணி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகம் வரைக்கும் வந்துபோனது. சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை என ஆற்றை ஒட்டிய தெருக்களில் கார்கள் நின்ற இடத்திலேயே முங்கின. சில இன்ஷூரன்ஸ் கம்பெனிக் கணக்கோடு தீர்ந்தன. மீதியெல்லாம் கழுவிக் காயவைத்து, புது சீட் கவர் மாட்டி, இன்னும் நம் நடுவில்தான் ஓடுகின்றன. விலைக்கும் வருகின்றன.

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வேலை, ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில். இரண்டு பஸ் மாறி, கடைசி ஒரு கிலோமீட்டர் வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தால் முதல் பீரியட் பாதி முடிந்திருக்கும். மூன்று லட்சத்துக்குள் ஒரு பெட்ரோல் கார், அதுவும் ஏஜென்சி வழியாக இல்லாமல் நேரடி பார்ட்டியிடம். இதுதான் என் கணக்கு.

ஏஜென்சிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. லோன் போட்டுத் தருவார்கள், பெயர் மாற்றத்துக்கு அவர்களே அலைவார்கள். ஆனால் அவர்கள் ஷெட்டில் எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் இருக்கும். இன்ஜினைக் கழுவி, டயருக்குக் கறுப்புப் பூசி, உள்ளே வாசனை அடித்து வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். எது எந்தத் தெருவில், எந்த மரத்தடியில், யார் கையில் இருந்தது என்கிற தடயம் அங்கே அழிந்துவிடுகிறது. எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி முதல் நாளே சொன்னார்: “டீச்சர், வண்டியப் பெறகு பாப்போம். மொதல்ல அது நின்ன எடத்தப் பாருங்க. வீட்டப் பாத்தாலே பாதி சோலி முடிஞ்சிரும்.” விற்கிறவர் வீட்டு வாசலுக்கே போய்ப் பார்க்கிற வாய்ப்பு நேரடி பார்ட்டியிடம் மட்டும்தான் உண்டு. அதற்காகவே அலையலாம்.

அலைந்தோம். மேலப்பாளையத்தில் ஒரு வளைகுடா வீடு. வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்தால் ஓட்டுகிற கார். கவர் போட்டு ஷெட்டுக்குள் மாப்பிள்ளை மாதிரி வைத்திருந்தார்கள். ஒன்பது வருஷத்தில் இருபதாயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை. கேட்பதற்கு இனிப்பாக இருந்தது. அண்ணாச்சி பானெட்டைத் திறந்தவர், பேட்டரியைப் பார்ப்பதற்கு முன்னால் மூலையில் கிடந்த எலிப் புழுக்கையைத்தான் பார்த்தார். ஒயரிங்கில் இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது. டயரில் ரப்பர்க் கட்டை தேயாமல் அப்படியே இருந்தது. ஆனால் டயர் பக்கவாட்டில் கடைசி நாலு எண்ணைப் படிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம், பிந்திய இரண்டு வருஷம். 1216 என்றால் 2016-ம் வருஷம் பன்னிரண்டாவது வாரம் செய்தது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகித்தான் போகும். சுவரோரம் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு தெரிந்தது. “ஓடாத வண்டி நல்ல வண்டின்னு யாரு சொன்னா?” என்றார் அண்ணாச்சி திரும்பி வரும்போது. அந்த வீட்டு அம்மா கொடுத்த ரோஸ்மில்க் மட்டும் நன்றாக இருந்தது.

உவரிப் பக்கம் ஒரு வண்டி, விலை ரொம்பக் குறைவு. கடற்காற்று எப்படித் தின்னும் என்பதைக் கதவுக்கு அடியில் விரலை விட்டால் தெரிந்துகொள்ளலாம். மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தது, அடியில் விரலோடு துரு பொடியாக வந்தது. பெருமாள்புரத்தில் இன்னொன்று, வேப்பமரத்தடியில் நின்றது. முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் வருஷக்கணக்கான வேப்பிலை மக்கிக் கிடந்தது. மழைத்தண்ணீர் வடிகிற துளை அதில் அடைபட்டுப் போனால் தண்ணீர் வண்டிக்குள்தான் இறங்கும். கால்வைக்கிற கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈரம். இந்த வண்டியை ஆற்று வெள்ளம் நெருங்கவே இல்லை. உள்ளே இருந்தது மரத்தடித் தண்ணீர்.

செங்கோட்டை வழியாக வருகிற கேரள வண்டிகளையும் இரண்டொருவர் சொன்னார்கள். விலையைக் கேட்டால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் கே.எல். நம்பரை டி.என். ஆக்க அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும், அங்கே கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். மிச்சம் பிடித்த காசு எல்லாம் அதில் கரைந்துவிடும். நான் டி.என். 72-ஐத் தாண்டவில்லை.

ஒரு வீட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வண்ணார்பேட்டையில் ஒரு அழகான கார். வெள்ளி நிறம், 2016 மாடல், சிங்கிள் ஓனர். விற்கிறவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். என் வீட்டுக்காரரைப் பார்த்தே பேசினார் என்பது வேறு விஷயம். இவருக்குப் பைக்கைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. “ஓட்டப்போறது நான்தான் சார்” என்று சொன்ன பிறகும் கிளட்ச் பற்றிய பதில் இவர் பக்கமே போனது. வெள்ளத்தைப் பற்றிக் கேட்டோம். “அன்னைக்கு வண்டி மாடில இருந்த மாதிரிதான், மேட்டுல நிப்பாட்டிருந்தோம்” என்றார்.

அண்ணாச்சி என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லி, சீட் பெல்ட்டை இழுக்கச் சொன்னார். மாட்டுகிற அளவுக்கு இழுத்தால் போதாது. உள்ளே சுற்றியிருக்கிற கடைசி முழம் வரைக்கும் இழுக்க வேண்டும். வழக்கமாக நாம் தொடுகிற பகுதி கறுப்பாகச் சுத்தமாக இருந்தது. மேலும் இழுக்க இழுக்க ஓரிடத்தில் பெல்ட்டின் நிறமே மாறியது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி குறுக்கே ஒரு பழுப்பு விளிம்பு, அதற்குக் கீழே முழுக்க மங்கல். பெருவிரலால் தேய்த்தேன். நெறுநெறுவென்று வண்டல் ஒட்டியது. ஆற்றில் குளித்து வளர்ந்தவர்களுக்கு அந்த மண்ணை யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் போல் ஓடுகிற இரும்பில் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அந்தக் குழியின் மூலையில் அதே மண், காய்ந்து செதிலாக.

“காபி கொட்டிருச்சு, அதான் பெல்ட்டு அப்டி இருக்கு” என்றார் அவர். அண்ணாச்சி எதுவும் பேசவில்லை. நான் இன்ஷூரன்ஸ் காகிதங்களைக் கேட்டேன்.

இது நான் எல்லாருக்கும் சொல்கிற ஒன்று. பழைய வண்டி பார்க்கும்போது இப்போதைய பாலிசியை மட்டும் வாங்கிப் பார்த்தால் போதாது, முந்தைய இரண்டு மூன்று வருஷத்துப் பாலிசியையும் கேளுங்கள். கிளெய்ம் எதுவும் எடுக்காமல் இருந்தால் அடுத்த வருஷ பிரீமியத்தில் ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்று தள்ளுபடி தருவார்கள். முதல் வருஷம் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, ஐந்து வருஷம் ஆனால் 50. ஒருமுறை கிளெய்ம் எடுத்தால் ஏணியிலிருந்து விழுந்து பூஜ்ஜியம். அந்த வீட்டுப் பாலிசிகளில் 2023-ல் 50 என்று இருந்தது, 2024-ல் பூஜ்ஜியம். காபி கொட்டியதற்கு யாரும் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் எடுப்பதில்லை. போனஸ் குறையாமல் இருக்கத் தனிக் கட்டணம் கட்டும் வசதியும் உண்டு, வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால் இந்தக் கணக்கே இருக்காது. ஆகவே காகிதம் சுத்தமாக இருக்கிறது என்பதால் வண்டியும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காகிதத்தில் ஓட்டை இருந்தால் வண்டியிலும் ஓட்டை இருக்கலாம், காரணம் கேட்காமல் விடக்கூடாது.

அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. வெள்ளத்தில் வீட்டுச் சாமான் எவ்வளவு போயிருக்குமோ. “தண்ணி ஏறிச்சு, எல்லாத்தையும் பிரிச்சுச் சரி பண்ணிருக்கேன், பில் இந்தா இருக்கு” என்று சொல்லியிருந்தால் விலையைக் குறைத்து எடுக்க ஆள் இருப்பார்கள். படிக்கட்டு மட்டத்தோடு தண்ணீர் நின்றுவிட்ட வண்டி வேறு, டேஷ்போர்டு வரை முங்கிய வண்டி வேறு. இந்தக் காலத்து வண்டியில் மூளை எல்லாம் ஒயரிலும் கனெக்டரிலும்தான் இருக்கிறது. அங்கே ஏறிய ஈரம் உடனே காட்டாது, ஆறு மாசம் ஒரு வருஷம் கழித்து ராத்திரியில் எங்கேயாவது நடுரோட்டில் காட்டும். அந்தப் பயத்தோடு நான் பள்ளிக்கூடம் போய்வர முடியாது.

இன்னொரு வகைச் சிக்கலும் இங்கே சர்வசாதாரணம். “வண்டி அப்பா பேர்ல இருக்கு.” அப்பா காலமாகி இரண்டு வருஷம். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூருவிலும். அம்மா மட்டும் வீட்டில். போர்ட்டிகோவில் நிற்கிற காரைக் கொடுத்துவிடலாம் என்று முடிவாகியிருக்கும். வண்டி தங்கமாக இருக்கும், ஏனென்றால் அப்பா அப்படி வைத்திருந்திருப்பார். ஆனால் விற்பனைப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் இல்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு படிவம் 31-ல் விண்ணப்பித்து முதலில் ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் நம் பெயர். “அப்பா கையெழுத்து எனக்கு அப்படியே வரும் டீச்சர்” என்று ஒரு பையன் நிஜமாகவே சொன்னான். நான் வாத்திச்சி, லீவ் லெட்டரில் அப்பா கையெழுத்தைப் போடுகிற பிள்ளைகளோடுதான் என் பிழைப்பே. வேண்டாம் தம்பி என்று வந்துவிட்டேன்.

கடைசியில் கிடைத்தது கே.டி.சி. நகரில் ஒரு ரிட்டயர்டு தம்பதியின் வேகன் ஆர். 2015 மாடல், பெட்ரோல், தொண்ணூறாயிரத்துக்குப் பக்கத்தில் ஓடியது. வெள்ளத்தன்னைக்கு வண்டி எங்கே நின்றது என்று கேட்டதும் அந்த சார் பதில் சொல்லாமல் உள்ளே போய் ஒரு கெட்டி ஃபைலைக் கொண்டுவந்தார். அந்த வாரம் மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போயிருந்த டோல்கேட் ரசீது, பெட்ரோல் பில், எல்லாம் வருஷவாரியாகப் பஞ்ச் பண்ணி வைத்திருந்தார். சர்வீஸ் பில் ஒன்றுவிடாமல் இருந்தது. ஒவ்வொரு பில்லிலும் கிலோமீட்டர் எழுதியிருக்கும் என்பதால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நடுவில் ஒரு பில்லில் ‘முன்பக்க இடது ஃபெண்டர் மாற்றம்’ என்று இருந்தது. நாங்கள் கேட்பதற்கு முன்னால் அவரே காட்டினார், “ஸ்ரீபுரத்துல ஆட்டோக்காரன் இடிச்சான்.” அண்ணாச்சி அந்தப் பக்கத்து போல்ட்டுகளைப் பார்த்தார். பெயின்ட் உரிந்திருந்தது. வேறெங்கும் ஸ்பேனர் பட்ட அடையாளம் இல்லை.

முந்தைய நாளே போனில் சொல்லியிருந்தோம், “சார், நாங்க வாரதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணிராதீங்க” என்று. காலையில் ஆறிக்கிடக்கிற இன்ஜின்தான் உண்மை பேசும். இதற்கு முன் ஒருவர் “உங்களுக்காக ஏ.சி. போட்டுக் குளுகுளுன்னு வச்சிருக்கேன்” என்று ஓடிக்கொண்டிருக்கிற வண்டியோடு வரவேற்றார். அப்போதே அண்ணாச்சி செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டார். இங்கே பானெட் மேல் கை வைத்தால் சில்லென்று இருந்தது. ஒரே திருப்பில் கிளம்பியது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. குளிர்காலையில் முதலில் வருகிற மெல்லிய வெள்ளை வெறும் நீராவி, அதைப் பார்த்துப் பதறக்கூடாது. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா, அதாவது புகையும் காற்றும் அந்த வாய் வழியாக மேலே தள்ளுகிறதா என்று பார்த்தார். மூடியின் உட்புறம் மோர் மாதிரிப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். படியவில்லை.

ஓட்டிப் பார்க்க ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கொண்டுபோனேன். திருநெல்வேலிக்குள் ஏற்றம் வேண்டுமென்றால் வேறு எங்கே போவது? கூட்டம் சேருமுன் போய், ஏறும்போது மூன்றாவது கியரில் மெதுவாக வந்து ஆக்சிலேட்டரை அழுத்த வேண்டும். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. வேகன் ஆர் முனகிக்கொண்டே ஏறியது. அது அதன் பிறவிக் குணம். பிறகு நாற்கரச் சாலையில் நாங்குநேரி பக்கமாகக் கொஞ்ச தூரம், எண்பதில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தபடி. வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை, பிரேக்கில் நேராக நின்றது. பின்சீட்டிலிருந்த சார், “நான் அறுவதத் தாண்டினதே இல்லம்மா” என்றார்.

விலை பேசுவது எங்கள் ஊரில் தனிக் கூத்து. யாரும் முதலில் வாய் திறக்க மாட்டார்கள்.

“நீங்களே ஒரு நல்ல வெலையாச் சொல்லுங்க டீச்சர்.”

“ஒங்க பொருளு சார், நீங்கதான் சொல்லணும்.”

“நான் சொன்னா கூடச் சொல்லிட்டேம்பீங்க.”

“நான் சொன்னா கொறச்சுட்டேம்பீங்க.”

இப்படியே காபி வந்து, மிக்சர் வந்து, அவர் வீட்டம்மா “மூணு இருவதுன்னு சொன்னாகல்லா” என்று உள்ளிருந்து போட்டு உடைத்த பிறகுதான் நிலைமை நகர்ந்தது. டயர் நாலும் 2018, இன்ஷூரன்ஸ் முடிய ஒன்றரை மாதம், ஃபெண்டர் கதை. இந்த மூன்றையும் சொல்லி இரண்டு எண்பத்தைந்தில் முடித்தோம். அப்போது ஆடி கடைசி. ஆடியில் வாங்குகிற ஆள் குறைவு என்பதால் விற்கிறவர் கொஞ்சம் இறங்குவார். ஆடியில் பேசி ஆவணியில் எடுப்பது எல்லாருக்கும் வசதி, சாமிக்கும் பொல்லாப்பு இல்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. “லட்சுமிய வெள்ளிக்கெழம வெளிய அனுப்ப மாட்டேன், அச்சாரம் வேணா வாங்கிக்கிடுதேன்” என்றார் அந்த அக்கா. லட்சுமி உள்ளே வருவதற்கு வெள்ளிக்கிழமை தடையில்லை போலிருக்கிறது.

மீதிப் பணத்தை ரொக்கமாகவே கேட்டார்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அந்தத் தொகை அளவுக்கே அபராதம் போடலாம் என்று வருமான வரிச் சட்டத்தில் 2017-லிருந்து இருக்கிறது. அதைச் சொன்னதும் சார் பாஸ்புக்கை எடுத்துவந்தார். வங்கி வழி அனுப்பினால் நமக்கும் அதுவே ரசீது.

பெயர் மாற்றத்தில் மட்டும் நேரடி பார்ட்டி என்பதற்கான கஷ்டம் முழுக்க நம் தலையில் விழும். ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றில் பைனான்ஸ் பெயர் இருந்தால், அதை நீக்கப் படிவம் 35-ம் வங்கியின் சான்றும் முதலில் வேண்டும். கடனைக் கட்டி முடித்துவிட்டேன் என்கிற வாய்ப்பேச்சு செல்லாது. அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் பைனான்ஸ் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று தெரிந்துவிடும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது. ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது விற்கிறவர் பதிவுசெய்த மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். அந்த சிம்மை அவர் எப்போதோ தூக்கிப் போட்டிருந்தால் அங்கேயே நிற்கும் வேலை. பணம் கொடுக்கும் முன்னால் இதைக் கேட்டு வைப்பது நல்லது.

“மெதுவா மாத்திக்கிடலாம் டீச்சர், என்ன அவசரம்” என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் விற்கிறவர்கள்தான். அவர்களுக்குத்தான் அவசரம் இருக்க வேண்டும். வண்டியை விற்றுப் பல கை மாறிய பிறகு நடந்த விபத்துக்கு, பதிவேட்டில் பெயர் இருந்த பழைய ஓனரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. எங்கள் சாரிடம் இதைச் சொன்னேன். மறுநாள் காலை எட்டரைக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஃபைலோடு நின்றார். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதிக்கொண்டோம். அந்த மணிக்கு முந்தைய சலான் அவருடையது, பிந்தையது என்னுடையது. ஃபாஸ்டேக்கை அவரே ரத்து செய்துவிட்டுக் கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுத்தார். இல்லாவிட்டால் நான் நாங்குநேரி டோல்கேட் தாண்டும்போதெல்லாம் அவர் கணக்கிலிருந்து காசு போகும்.

இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். அவருடைய 50 சதவீத போனஸ் வண்டியோடு வராது, அவரோடுதான் போகும். அது ஆளுக்கு உரியது. நமக்குப் பூஜ்ஜியத்திலிருந்து தொடக்கம். புது ஆர்.சி. இப்போது ஸ்பீடு போஸ்ட்டில்தான் வருகிறது, நேரில் கொடுப்பதில்லை. அதனால் விண்ணப்பத்தில் கதவு எண்ணைச் சரியாகப் போடுங்கள்.

வாங்கிய விலையோடு செலவு முடிந்தது என்று நினைக்கக்கூடாது என்று அண்ணாச்சி முன்பே எச்சரித்திருந்தார். இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபில்டர்கள், ஃபேன் பெல்ட் எல்லாவற்றையும் மாற்றி, ஏ.சி.க்கு கேஸ் ஏற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்ததில் பதினைந்தாயிரத்துக்கு மேல் போனது. டயரை மட்டும் இந்த மாதம் மாற்றவில்லை. தீபாவளி போனஸ் வரட்டும் என்று இருக்கிறேன், அண்ணாச்சி அதற்குள் இரண்டு தடவை திட்டிவிட்டார்.